டிஸ்க் காணாமல் போவதற்குக் காரணம் ஃபர்ம்வேர் அல்ல

வாசகர் கேள்வி:

காரைக்குடியில் வீட்டோடு சேர்த்து ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிறேன். பழைய லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி1200ஏசி ரவுட்டர் ஒன்று கைக்கு வந்தது. அதில் கம்பெனி ஃபர்ம்வேருக்கு (ரவுட்டரை இயக்கும் நிரல்) பதிலாக ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேரை ஏற்றி, 2 டிபி போர்ட்டபிள் ஹார்டுடிஸ்க்கைச் செருகி, சம்பா என்ற ஃபைல் ஷேர் நிரலைப் போட்டு வீட்டுக்குள் ஷேர் செய்தேன். மூன்று மாதம் நன்றாக ஓடியது. இப்போது பெரிய வீடியோ காப்பி ஆகும்போது பாதியில் டிஸ்க் காணாமல் போகிறது. ரவுட்டரை ஆஃப் செய்து போட்டால் வருகிறது, ஆனால் எழுத விடுவதில்லை. விண்டோஸ் 11 அப்டேட் ஆனதிலிருந்து பாஸ்வேர்டு இல்லாத ஷேர் திறக்கவில்லை. ரூட் பாஸ்வேர்டு கொடுத்தாலும் ஏற்கவில்லை. 'நெட்வொர்க்' பகுதியில் ரவுட்டர் பெயரே வரவில்லை. ஆல்பம் டிசைன் செய்யும் என் மனைவியின் லேப்டாப்பில் 192.168.10.1 என்று அடித்தாலும் ஒன்றும் இல்லை. அது மோடத்தின் வைஃபையில் இருக்கிறது. காப்பி வேகம் 11 எம்பியைத் தாண்டுவதில்லை. காப்பி ஓடும்போது செல்போன்களில் வைஃபை அறுந்து அறுந்து வருகிறது. விண்டோஸில் எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் ஷேர் முறையை ஆன் செய்து, ரவுட்டர் ஃபயர்வாலில் ஃபைல் ஷேருக்கான 445-ஆம் போர்ட்டைத் திறந்தால் எல்லாம் சரியாகும் என்கிறான் அக்கா மகன். கரண்ட் போனாலும் நெட் இருக்கட்டும் என்று மினி யூபிஎஸ் போட்டிருக்கிறேன், அதில் பிரச்சினை இல்லை. பேசாமல் கம்பெனி ஃபர்ம்வேருக்கே திரும்பிவிடலாமா சார்?

பதில்:

வணக்கம். எதையும் நோண்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. டிஸ்க்கை ரவுட்டரிலிருந்து கழற்றி, கம்ப்யூட்டரில் நேராகச் செருகி, இன்னும் டெலிவரி கொடுக்காத கல்யாணங்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். செருகியதும் 'இந்த டிரைவில் பிழை இருக்கிறது, ஸ்கேன் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்கலாம். காப்பி முடியும் வரை வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஸ்கேன் நிரலுக்கு ஃபைல் சிஸ்டம், அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கு, ஒழுங்காவதுதான் முக்கியம். அதற்காக உங்கள் வீடியோ ஒன்றைத் துண்டு துண்டாக்கிப் போடவும் செய்யும். தாலி கட்டும் நேரத்துப் படம் போய்விட்டால் அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் என்ன பதில் சொல்ல முடியும்? ஆகவே இதை இன்றைக்கே முடியுங்கள். மற்றதெல்லாம் நாளைக்கு.

காப்பி எடுத்த பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலில் டிஸ்க்கைச் சோதியுங்கள். 'பென்டிங் செக்டர்' என்ற வரியில் பூஜ்யம் இல்லை என்றால் டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கிறது. அதை வைத்து மேற்கொண்டு எதையும் சரிசெய்யப் பார்க்காமல் புதிது வாங்குங்கள். பூஜ்யம் என்றால் மேலே படியுங்கள்.

நீங்கள் அடுக்கியிருக்கும் கோளாறுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்ததால், எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான் என்று தோன்றும். அப்படித் தோன்றும்போதுதான் ஃபர்ம்வேர் மேல் பழி விழும். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது, ஃபர்ம்வேர் அதில் எதற்கும் காரணமில்லை. எனக்கு முதலில் கண்ணில் பட்டது, நீங்கள் 'பிரச்சினை இல்லை' என்று எழுதிவிட்டுக் கடந்துபோன அந்த மினி யூபிஎஸ்தான்.

போர்ட்டபிள் டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது. அது சுழல்வதற்கு வேண்டிய கரண்டை யூஎஸ்பி வழியாக ரவுட்டரிடமே வாங்குகிறது. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் கொடுத்தால் போதும், 3.0 போர்ட் 900 கொடுத்தால் போதும் என்பதுதான் விதி. டிஸ்க் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடியில் 1 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நல்ல அடாப்டர் இருந்தால் ரவுட்டர் அதைச் சமாளித்துக்கொள்ளும். இப்போது நடுவில் மினி யூபிஎஸ் வந்துவிட்டது. கடைகளில் பரவலாக விற்பது 12 வோல்ட், 2 ஆம்பியர் வகை. வெறும் இன்டர்நெட்டுக்கு அது தாராளம். பெரிய காப்பி ஓடும்போது பிராசஸர் முழு வேகத்தில் வேலை செய்யும், வைஃபை பேசிக்கொண்டிருக்கும், டிஸ்க் இடைவிடாமல் எழுதும். மூன்றும் சேர்ந்து இழுக்கும்போது வோல்டேஜ் ஒரு கணம் இறங்கினால் ரவுட்டர் தாங்கிவிடும், டிஸ்க் தாங்காது. அது அணைந்து எழும். உங்கள் பார்வைக்கு அதுதான் 'காணாமல் போவது'. மூன்று மாதம் ஓடியதே என்று கேட்பீர்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பது பேட்டரி, நாளாக ஆக அது இளைக்கும். நெட் தொடர்ந்து வருவதால் யூபிஎஸ் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் நம்பிவிட்டீர்கள், அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மதுரையில் ஒரு வக்கீல் வீட்டில் இதே மாதிரி டிஸ்க் அறுந்து அறுந்து வந்தது. மூன்று முறை ஃபர்ம்வேரை அழித்து ஏற்றினேன், இரண்டு மாலைகள் போயின. கடைசியில் அடாப்டரை மாற்றியதும் நின்றது. ஒரிஜினல் அடாப்டர் கெட்டுப்போக, பின் பொருந்துகிறது என்று வேறு எதற்கோ வந்த 1 ஆம்பியர் அடாப்டரை வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குனிந்து அடாப்டரின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

யூகத்தை நம்ப வேண்டாம், சாட்சி இருக்கிறது. பிரவுசரில் திறக்கும் ஓப்பன்டபிள்யூஆர்டியின் அமைப்புப் பக்கத்துக்கு லூசி என்று பெயர், அதில் 'ஸ்டேட்டஸ்' என்பதற்குள் கெர்னல் லாக், அதாவது ரவுட்டருக்குள் நடப்பதன் பதிவு, இருக்கும். டிஸ்க் காணாமல் போன உடனே அதைத் திறங்கள். இது முக்கியம், அந்த லாக் ரவுட்டரின் ராமில்தான் இருக்கிறது, கரண்டை நிறுத்தினால் அழிந்துவிடும். நீங்கள் ஒவ்வொரு முறையும் ஆஃப் செய்து போட்டதில் நடந்ததற்கான தடயமும் சேர்ந்து போயிருக்கிறது. லாக்கின் கடைசி வரிகளில் யூஎஸ்பி 'டிஸ்கனெக்ட்' என்று வந்து, அடுத்த சில நொடிகளில் அதே டிஸ்க் புது எண்ணோடு மறுபடி வந்திருந்தால், கரண்ட் அல்லது கேபிள். டிஸ்கனெக்ட் இல்லாமல் 'ரீசெட்', 'ரீசெட்' என்று அடுக்கிக்கொண்டு போய், பக்கத்தில் 'யூஏஎஸ்' (யூஎஸ்பி டிஸ்க்கோடு வேகமாகப் பேசும் ஒரு முறை) என்ற எழுத்துகள் இருந்தால் விஷயம் வேறு. டிஸ்க் பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கும் அந்த வேக முறைக்கும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். யூஏஎஸ் பேக்கேஜை நீக்கிவிட்டால் பழைய முறையில் கொஞ்சம் மெதுவாக, ஆனால் அறுபடாமல் ஓடும்.

சோதனை எளிது. மினி யூபிஎஸ்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, ரவுட்டரோடு வந்த ஒரிஜினல் அடாப்டரை நேராகச் சுவரில் செருகி, டிஸ்க்கோடு வந்த அதே குட்டைக் கேபிளில் 50 ஜிபி காப்பி செய்து பாருங்கள். ஒரே மூச்சில் முடிந்தால் விடை கிடைத்துவிட்டது. அப்போதும் அறுந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

நிலையான தீர்வு, தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப். டிஸ்க் ஹப்பிடம் கரண்ட் வாங்கிக்கொள்ளும், ரவுட்டருக்குப் பாரம் இல்லை. இதில் ஒரு பொறி இருக்கிறது, பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ரவுட்டர் யூபிஎஸ்ஸிலும் ஹப் சுவரிலும் இருந்தால், கரண்ட் போகும்போது ரவுட்டர் விழித்திருக்க, டிஸ்க் மட்டும் எழுதிக்கொண்டிருந்த வரியின் நடுவில் செத்துவிடும். இப்போது இருப்பதை விட அது மோசம். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் ஒரு பிளக் எடுத்து, இரண்டையும் அதில் சேர்த்துப் போடுங்கள். ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருந்தால் அதில் இரண்டு பாயின்ட் ஒதுக்கினாலும் சரி. மினி யூபிஎஸ்ஸை மோடத்துக்குக் கொடுத்துவிடுங்கள், அதற்கு அது ஏற்றது.

எழுத விடாமல் போவது இந்தக் கோளாறின் பின்விளைவு. கடையிலிருந்து வந்த டிஸ்க்கை அப்படியே செருகியிருப்பீர்கள், அது என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் வடிவத்தில் இருக்கும். எழுதும்போது பாதியில் அறுந்த என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் 'ஒழுங்காக மூடப்படவில்லை' என்று ஒரு அடையாளம் பதிந்துவிடும். அதைப் பார்த்ததும் ரவுட்டரில் உள்ள லினக்ஸ், டிரைவரைப் பொறுத்து, படிக்க மட்டும் விடும் அல்லது ஏற்றவே மறுக்கும். உங்கள் படங்களை மேலும் கெடுக்கக் கூடாது என்ற ஜாக்கிரதைதான் அது. 'ஃபோர்ஸ்' என்று கொடுத்து வம்படியாக ஏற்ற ஒரு வழி உண்டு, அதைச் செய்யாதீர்கள். காப்பி எடுத்தாயிற்று என்றால் இப்போது விண்டோஸின் ஸ்கேனுக்குச் சரி சொல்லலாம். அது முடிந்ததும் 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்துக் கழற்றுங்கள்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. வேகம் போதாமல் அவ்வப்போது டிஸ்க்கைக் கழற்றி கம்ப்யூட்டரில் செருகிப் படம் இறக்குகிறீர்களா? ஷட்டவுன் கொடுத்துவிட்டுத்தானே கழற்றுகிறேன் என்பீர்கள். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. அது ஆனில் இருந்தால் ஷட்டவுன் முழு ஷட்டவுன் ஆகாது. பாதித் தூக்கத்தில் டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். அப்படிக் கழற்றிய டிஸ்க்கை ரவுட்டரில் போட்டாலும் இதே 'எழுத முடியாது'தான். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள்.

நீண்ட நாளைக்கு என்று பார்த்தால் டிஸ்க்கை எக்ஸ்ட்4-க்கு மாற்றுவதுதான் என் ஆலோசனை. அது லினக்ஸின் சொந்த வடிவம், கரண்ட் போனாலும் தானே நிமிர்ந்துகொள்ளும், ரவுட்டரின் பிராசஸருக்கும் வேலை குறைவு. ஆனால் மாற்றினால் டிஸ்க் மொத்தமாக அழியும், விண்டோஸ் கம்ப்யூட்டரில் நேராகச் செருகினால் படிக்கவும் படிக்காது. ரவுட்டர் கெட்டுப்போன நாளில் ஒரு லினக்ஸ் லைவ் பென்டிரைவ் வேண்டும். அவசரத்துக்குக் கழற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டிய தொழில் உங்களுடையது. அதனால் இந்த முடிவை உங்களிடம் விடுகிறேன். என்டிஎஃப்எஸ்ஸிலேயே இருப்பது என்றால் கரண்ட் ஏற்பாட்டில் சமரசம் கூடாது.

செல்போன்களில் வைஃபை அறுவதற்கும் டிஸ்க்குக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது, நீங்கள் அதைச் சரியாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். யூஎஸ்பி 3.0 தன் முழு வேகத்தில் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ரேடியோ இரைச்சலைக் கிளப்புகிறது. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை அளந்து வெளியிட்டது. டிஸ்க்கை ரவுட்டர் மேலேயே வைத்திருக்கிறீர்கள் என்றால் இரைச்சல் ஆன்டெனாவின் காதுக்குள்ளேயே விழுகிறது. ஒரு முழம் தள்ளி வையுங்கள், நல்ல கவசம் உள்ள கேபிள் போடுங்கள், செல்போன்களை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அப்படியும் தொல்லை தந்தால், உங்கள் ரவுட்டரின் இன்னொரு போர்ட், இ-சாட்டாவும் யூஎஸ்பியும் சேர்ந்து இருப்பது, யூஎஸ்பி 2.0. அதில் போட்டால் இரைச்சல் இருக்காது. வேகம் குறையும், கரண்டும் 500 மில்லி ஆம்பியர்தான். ஹப் வந்த பிறகுதான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

11 எம்பி என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கேபிள்தான் நினைவுக்கு வந்தது. 100 மெகாபிட் லைனில் ஒரு நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பிதான் போக முடியும், கையில் கிடைப்பது பதினொன்று சொச்சம். உங்கள் ரவுட்டரின் போர்ட்டுகள் 1 ஜிகாபிட். கம்ப்யூட்டரின் போர்ட்டும் ஜிகாபிட்டாக இருந்தால், நடுவில் உள்ள கேபிளில் எட்டுக் கம்பிகளில் நான்குதான் வேலை செய்கிறது என்று பொருள். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும் என்பதால், நீல ஜோடியோ பிரவுன் ஜோடியோ விட்டுப்போனாலும் நெட் ஒழுங்காக வரும், யாருக்கும் தெரியாது. லூசியின் முதல் பக்கத்திலேயே ஒவ்வொரு போர்ட்டின் வேகமும் தெரியும். கேபிளை மாற்றியதும் 1 ஜிகாபிட் என்று காட்ட வேண்டும். 100 ஜிபி கல்யாணத்துக்கு இப்போது இரண்டரை மணி நேரம் காத்திருக்கிறீர்கள். டிஸ்க்கும் ஒத்துழைத்தால் அது அரை மணி நேரத்துக்குள் முடியும்.

இனி பாஸ்வேர்டு. 2024-ல் வந்த 24ஹெச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 ப்ரோ, பாஸ்வேர்டு இல்லாத விருந்தாளி ஷேர்களைத் தானாகத் திறக்காது. ஒவ்வொரு பரிமாற்றத்திலும் கையெழுத்து இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. அந்தக் கையெழுத்துக்கான சாவி பாஸ்வேர்டிலிருந்துதான் பிறக்கிறது. விருந்தாளிக்குப் பாஸ்வேர்டே இல்லை, ஆகவே கையெழுத்தும் இல்லை. இந்தப் பாதுகாப்பை விண்டோஸில் அணைத்துவிடலாம் என்று சொல்பவர்கள் நிறைய. அணைக்காதீர்கள். உங்கள் ஷேரில் மற்ற வீடுகளின் கல்யாணங்கள் இருக்கின்றன. வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த எந்த விருந்தாளியும் அழித்துவிட்டுப் போகும்படி அது திறந்து கிடந்தது இதுவரை பெரிய ஆபத்து.

ரூட் பாஸ்வேர்டை ஏற்காததும் வேண்டுமென்றே செய்யப்பட்டதுதான். ஓப்பன்டபிள்யூஆர்டியின் சம்பா அமைப்பு ஃபைலில் 'ரூட் செல்லாது' என்று ஒரு வரி முதலிலிருந்தே இருக்கிறது. ரவுட்டரின் முழு அதிகாரமும் உள்ள கணக்கு ஃபைல் காப்பிக்குப் பயன்படக் கூடாது என்பதற்காக. அந்த வரியை நீக்கச் சொல்லும் வீடியோக்களையும் பார்த்திருப்பீர்கள், அது வேண்டாம். அதோடு, ரவுட்டரின் பாஸ்வேர்டும் சம்பாவின் பாஸ்வேர்டும் வேறு வேறு இடத்தில் இருப்பவை. ஒன்றைப் போட்டால் மற்றொன்று தானாக வந்துவிடாது.

செய்ய வேண்டியது மூன்று. ரவுட்டரில் 'ஸ்டூடியோ' என்ற மாதிரி ஒரு சாதாரணக் கணக்கு உருவாக்க வேண்டும். அதே பெயரைச் சம்பாவில் சேர்த்து அங்கே ஒரு பாஸ்வேர்டு வைக்க வேண்டும். டிஸ்க்கில் உள்ள ஃபோல்டர் அந்தக் கணக்குக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். பலர் மூன்றாவதை மறந்துவிட்டு 'உள்ளே போகிறது, எழுத முடியவில்லை' என்று நிற்பார்கள். எஸ்எஸ்ஹெச்சில் (கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்குக் கட்டளை அடிக்கும் வழி) அடிக்க வேண்டிய கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன். பிறகு லூசியில் ஷேரின் பக்கத்தில் விருந்தாளி அனுமதியை எடுத்துவிட்டு, இந்தப் பெயரை மட்டும் அனுமதியுங்கள். மனைவிக்கு இன்னொரு கணக்கு வைத்து, ஒரிஜினல் படங்கள் உள்ள ஃபோல்டரை அதற்குப் படிக்க மட்டும் கொடுத்தால் இன்னும் நல்லது. டிசைன் அவசரத்தில் கை தவறி ஒரு ஃபோல்டர் போய்விடாது.

சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் விண்டோஸ் மறுத்தால் பதற வேண்டாம். பழைய தப்பான பாஸ்வேர்டை அது மனதில் வைத்திருக்கும். 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்று தேடித் திறந்து, 192.168.10.1-க்கு எதிரே உள்ளதை நீக்கிவிட்டு கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒரே ரவுட்டருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் நுழையவும் விண்டோஸ் விடாது.

அக்கா மகன் சொன்னதற்கு வருகிறேன். அவன் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறான். ஒரு காலத்தில் அது வேலையும் செய்தது. 'நெட்வொர்க்' பகுதியில் பக்கத்துக் கம்ப்யூட்டர்களின் பெயர்களைக் காட்டும் பழைய ஏற்பாடு எஸ்எம்பி1-ஐ நம்பித்தான் இருந்தது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற நச்சு நிரல் அந்த எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் உலகம் முழுக்கப் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளே நின்றுபோயின. மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டைக்கான திருத்தத்தை இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 புதிதாக நிறுவும் விண்டோஸில் வருவதில்லை. சம்பாவும் 2019-ல் வந்த 4.11 பதிப்பிலிருந்து அதைத் தானாகப் பேசுவதில்லை. அதாவது நீங்கள் விண்டோஸில் எஸ்எம்பி1-ஐ ஆன் செய்தாலும், மறுமுனையில் உங்கள் ரவுட்டர் அந்தப் பாஷையில் பதில் சொல்லாது. கதவைத் திறந்து வைத்ததுதான் மிச்சம்.

பெயர் தெரிய வேண்டும் என்றால் அதற்கு டபிள்யூஎஸ்டிடி2 என்ற சிறு பேக்கேஜ் இருக்கிறது. இன்றைய விண்டோஸ் தேடும் புதிய முறையில் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ரவுட்டர் சார்பில் அது சொல்லும். லூசியின் சாஃப்ட்வேர் பக்கத்தில் தேடிப் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். என்னைக் கேட்டால் அதைக் கூட நம்பி இருக்க வேண்டாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.10.1 என்று அடித்து உள்ளே போய், ஷேரை ஒரு டிரைவ் எழுத்தாக மேப் செய்துவிடுங்கள். பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வேலை நடக்கும்.

உங்கள் மனைவியின் லேப்டாப்புக்கும் இவை எதற்கும் சம்பந்தம் இல்லை. நெட் கம்பெனிக்காரர் கொடுத்த மோடம் தனக்கென ஒரு நெட்வொர்க் வைத்திருக்கிறது, லிங்க்சிஸ் தனக்கென ஒன்று வைத்திருக்கிறது. லேப்டாப் மோடத்தின் வைஃபையில் இருப்பதால், மோடத்தைப் பொறுத்தவரை 192.168.10.1 என்ற முகவரியே அதற்குத் தெரியாது. லிங்க்சிஸ்ஸின் கண்ணில் மோடம் இருக்கும் பக்கம் வெளியுலகம், அந்தப் பக்கத்திலிருந்து யார் தட்டினாலும் ஃபயர்வால் திறக்காது. லேப்டாப்பை லிங்க்சிஸ் வைஃபைக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான். வீட்டில் யாரும் மறுபடி அந்தப் பக்கம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மோடத்தின் வைஃபையை அணைத்துவிடலாம். லிங்க்சிஸ்ஸில் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2-ல் வையுங்கள். இந்த மாடலின் வைஃபை டிரைவர் டபிள்யூபிஏ3-க்குச் சரிப்பட்டு வராது.

445-ஐத் திறப்பது மட்டும் கூடவே கூடாது. இன்றைக்கு மோடம் நடுவில் ஒரு சுவராக நிற்பதால் உடனே ஆபத்து தெரியாது. நாளைக்கு யாராவது வந்து 'நெட் வேகமாக வரும்' என்று மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு (மோடம் சுவராக நிற்காமல் லைனை அப்படியே ரவுட்டருக்குக் கடத்தும் முறை) மாற்றினால், அந்த நிமிடத்திலிருந்து உங்கள் ஷேர் இன்டர்நெட்டைப் பார்த்துத் திறந்து கிடக்கும். அந்தப் போர்ட்டைத் தேடி இரவும் பகலும் தட்டிக்கொண்டிருக்கும் நிரல்கள் வெளியே ஏராளம். மாப்பிள்ளை வீட்டார் வெளியூரிலிருந்து படம் பார்க்க வேண்டும் என்றால் வயர்கார்டு விபிஎன் இருக்கிறது, அதைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

கம்பெனி ஃபர்ம்வேருக்குத் திரும்பலாமா என்ற கேள்வி. வேண்டாம். பழைய ரவுட்டர்களின் கம்பெனி ஃபர்ம்வேர் பலவற்றில் ஷேர் எஸ்எம்பி1 மட்டும்தான் பேசும். அங்கே போனால் எதைத் திறக்கக் கூடாது என்று இவ்வளவு நேரம் சொன்னேனோ அதைத் திறந்தே ஆக வேண்டிய நிலை வரும். அதுவும் உங்கள் கையில் இருப்பது ஓப்பன்டபிள்யூஆர்டிக்கு அந்நியமான பெட்டி அல்ல. 2003-ல் லிங்க்சிஸ் தன் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மூலநிரலை, அதில் இருந்த லினக்ஸின் உரிம விதிப்படி, வெளியிட வேண்டி வந்தது. அதை எடுத்துக்கொண்டு அடுத்த ஆண்டு சிலர் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. பெயரில் உள்ள அந்த மூன்று எழுத்தும் அங்கிருந்து வந்தவை. உங்கள் மாடல் அந்தப் பரம்பரை. 128 எம்பி ஃப்ளாஷ், 512 எம்பி ராம், இரண்டு கோர் பிராசஸர் என்று சம்பாவுக்குத் தாராளமாகவே இருக்கிறது. இன்னும் ஒரு நல்ல குணம், இதில் ஃபர்ம்வேருக்கு இரண்டு அறைகள். ஒன்றில் ஏற்றியது கெட்டு ரவுட்டர் எழாமல் போனால், பூட் ஆகத் தொடங்கியதும் அணைத்து, மறுபடி போட்டு, இப்படி மூன்று முறை செய்தால் நான்காவது முறை மற்ற அறையிலிருந்து எழும்.

வெர்ஷன் மட்டும் பழையதாக இருந்தால் மாற்றுங்கள். 2025 பிப்ரவரியில் வந்த 24.10 வரிசைக்குக் கீழே இருக்க வேண்டாம். மாற்றும்போது அமைப்புகள் தங்கும், நீங்கள் தனியாகப் போட்ட சம்பா போன்ற பேக்கேஜ்கள் தங்காது. ஷேர் மறைந்துவிட்டதே என்று அப்போது பயந்து எதையும் அழிக்காதீர்கள். பேக்கேஜ்களை மறுபடி போட்டால் பழைய அமைப்பை அவை எடுத்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ரவுட்டரில் தொங்கும் டிஸ்க் எல்லாரும் எடுத்துப் பார்க்க ஒரு பொது அலமாரி, பேக்கப் அல்ல. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 வழக்கத்தைப் பரப்பியவரே பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர்தான். உங்கள் தொழில்காரர் பட்டுத் தெரிந்துகொண்டது அது. டெலிவரி முடியும் வரையாவது ஒரு பிரதி கம்ப்யூட்டரிலும், ஒன்று உறவினர் வீட்டில் உள்ள டிஸ்க்கிலும் இருக்கட்டும். லைட்ரூம் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதன் கேட்டலாக் ஃபைலை ஷேரில் வைக்க முடியாது, கம்ப்யூட்டரிலேயே வையுங்கள். படங்கள் மட்டும் ஷேரில் இருக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் காப்பி, பிறகு அடாப்டர் சோதனை. அந்த இரண்டும் முடிந்ததும் மினி யூபிஎஸ்ஸின் அடியில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது, ஒரிஜினல் அடாப்டரில் எத்தனை, கெர்னல் லாக்கின் கடைசி இருபது வரிகள், இந்த மூன்றையும் எனக்கு அனுப்புங்கள். டிஸ்க் அப்போதும் அறுந்தால், ரவுட்டரை அணைக்காமல் அப்படியே வைத்துவிட்டு எழுதுங்கள்.